சொந்தக் கூடையில் விழுந்த பந்து

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு கண்டுபிடிக்க மிச்சமிருந்தது, தவறே செய்யாத ஓர் அலுவலகம் மட்டும்தான். அதையும் கண்டுபிடித்து, மூன்று மாடி எழுப்பி, ஒரு லிஃப்ட் வைத்து, பின்பக்கம் ஒரு கூடைப்பந்து மைதானமும் போட்டாகிவிட்டது. கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற எடை அளவை அலுவலகம்தான் அது.

அங்கே ‘பிழைப் பதிவேடு’ என்று ஒன்று உண்டு. அலுவலகத்தில் நடக்கும் தவறுகளை எழுதி வைப்பதற்கான பதிவேடு. இயக்குநர் பதவியேற்ற நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டுகளாக அதில் ஒரு வரிகூட விழவில்லை. முதல் பக்கத்தில் மட்டும், ‘இப்பதிவேட்டில் இருநூறு பக்கங்கள் உள்ளன எனச் சான்றளிக்கப்படுகிறது’ என்று இயக்குநர் கையொப்பமிட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றாறுதான் இருக்கும். ஆனால் எண்ணிப் பார்க்கிற பழக்கம் அங்கே கிடையாது. அந்த வெள்ளைத் தாள்களுக்காகத் தலைமையகம் போன ஆண்டு ‘பிழையின்மைக் கேடயம்’ வழங்கிக் கௌரவித்தது.

பதிவேட்டைத் தினமும் தூசி தட்டிக் காப்பாற்றுகிறவர் பதிவறை எழுத்தர். ஒல்லியான மனிதர். எதையும் ‘பொருள்’, ‘பார்வை’ என்று தலைப்பிட்டு எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டில் குழாய் சொட்டினால்கூட மனைவிக்கு வாயால் சொல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பார். மனைவியின் அண்ணனும் அதே அலுவலகத்தில்தான் வேலை. இருபது கிலோ எடைக்கற்களைத் தூக்குகிற ஊழியர். எல்லாருக்கும் அவர் ‘கல்லண்ணன்’.

கல்லண்ணனின் பணி எளிமையானது. கடைக்காரர்கள் தராசோடு வந்து நிற்பது தரைத்தளத்தில். சோதனைக்கான எடைக்கற்கள் இருப்பது மூன்றாவது மாடியில். நடுவில் அறுபத்தாறு படிகள். லிஃப்ட் இருக்கிறது. அதன் கதவில் ‘அதிகாரிகளுக்கு மட்டும்’ என்று எழுதியும் இருக்கிறது. கல்லண்ணன் அதிகாரி இல்லை. எடைக்கல்லும் அதிகாரி இல்லை. எனவே இருவரும் படியில் போவதுதான் முறை. அந்த லிஃப்ட் எவ்வளவு கனம் தாங்கும் என்று சோதித்து முத்திரை குத்திய நாளில் மட்டும் இதே கற்கள் அதில் ஏறிப் போய்வந்தன. கல்லண்ணன் அன்றும் படியில்தான் போனார்.

முதுகு பிடித்துக்கொண்டதும், மச்சானுக்காகப் பதிவறை எழுத்தர் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். ‘பொருள்: எடைக்கற்களை லிஃப்ட்டில் ஏற்றிச்செல்ல அனுமதி கோருதல்.’ பிறகு ஒரு நினைவூட்டல். பிறகு நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். ஏழாவது மனு போன சமயம், இயக்குநர் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியிருந்தார். ‘விளையாட்டின் வழியே குழு உணர்வு’ என்று அங்கே மூன்று நாள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சட்டைப்பையில் குத்திய வில்லையைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை.

“மனு எல்லாம் பழைய காலம்யா,” என்றார் இயக்குநர். “மேல்மாடி ஒரு டீம், கீழ்மாடி ஒரு டீம். கூடைப்பந்து. நீங்க ஜெயிச்சுட்டா லிஃப்ட் கல்லுக்கும் உண்டு.”

“நாங்க ஜெயிச்சா நிஜமாவே குடுப்பீங்களா சார்?” என்றார் கல்லண்ணன்.

“நான் என்னைக்காவது தப்பா பேசியிருக்கேனா?”

இல்லைதான். பதிவேட்டில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. தட்டச்சர் அம்மா அந்த வாக்குறுதியை ஐந்து நகல் எடுத்தார்.

நடுவர் யார் என்ற கேள்வி எழுந்தது. விளையாட்டுச் சங்கத்துக்கு முறைப்படி கடிதம் எழுதி, விதிப்புத்தகம் வரவழைத்து, மூன்று முறை படித்து, ஓரத்தில் பென்சில் குறிப்பும் போட்டு வைத்திருந்தவர் அந்தக் கட்டடத்திலேயே ஒருவர்தான். பதிவறை எழுத்தர் நடுவரானார். உறவுமுறை பற்றி யாரோ முணுமுணுத்தார்கள். “மச்சானுக்காகக்கூட விதியை வளைக்காத ஆள்னு பேர் எடுத்தவர்தான், விடுங்க,” என்று தட்டச்சர் அம்மா சொல்லி முடித்துவைத்தார்.

போட்டிக்கு முந்தின நாள் ‘விதிகள் தெளிவுறுத்தல் கூட்டம்’ நடந்தது. இயக்குநர் கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். ஆகவே விதிகள் எல்லாம் அவருக்குப் பிறவியிலேயே தெரியும்.

“முதல் விதி,” என்று இயக்குநர் விரலை மடக்கினார். “பந்து வெச்சிருக்கிறவன் வர்ற வழியில எவனும் அசையக் கூடாது. அசைஞ்சா இடிபட்டவன் மேலதான் தப்பு.”

நடுவர் எழுந்தார். “இல்லீங்க சார். முன்னாடியே இடத்தைப் பிடிச்சு எதிர முகம் காட்டி நின்னவர், பக்கவாட்டுல நகரலாம், பின்னாலயும் போகலாம். செலை மாதிரி நிக்கணும்னு விதி இல்ல. அவர் நெஞ்சுல வந்து மோதினா, மோதினவர் மேலதான் தப்பு.”

இயக்குநர் சொன்னதற்கு ‘இல்லீங்க’ என்ற சொல் அந்த அறையில் ஒலித்தது அதுவே முதல் முறை.

“சரி, பந்து கோட்டைத் தாண்டி அந்தரத்துல போனாலே அவுட்.”

“தரையைத் தொட்டாத்தான் சார். அந்தரத்துல இருக்கிற பந்தை உள்ளே தட்டிவிடலாம். ஆனா கோட்டை மிதிச்சா அவுட். கோடே வெளிதான்.”

“கையை நீட்டிப் பந்தைப் பறிக்கிறது?”

“கை நீட்டுறது தப்பே இல்ல சார். ஆளை இடிச்சாத்தான் தப்பு.”

“அப்புறம், பந்தைக் கையில வெச்சுக்கிட்டு நாலு அடி வைக்கலாம். அது ஊரறிஞ்ச விஷயம்.”

“ஓடிட்டே பந்தைக் கைக்குள்ள அடக்கினப்புறம் ரெண்டே அடி சார்.”

உதவி இயக்குநர் பதறிப்போனார். இயக்குநர் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்கிற மனிதர் அவர். “சாரோட அடி ரொம்பச் சின்ன அடிங்க. நாலு சேர்ந்தாத்தான் மத்தவங்களோட ரெண்டு ஆகும்.”

இது அளவை அலுவலகம் என்பதால் உடனே அளந்து பார்க்க நாடா வரவழைக்கப்பட்டது. இயக்குநர் நாலு அடி நடந்து காட்டினார். உதவி இயக்குநர் ரெண்டு அடி நடந்தார், இயன்றவரை குதித்து. இரண்டும் சமமாக வரவில்லை. நாடாவுக்கு முத்திரை காலாவதியாகிவிட்டது என்று கண்டுபிடிக்கப்பட்டது.

அப்போதுதான் இயக்குநருக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. “அந்தப் புஸ்தகத்துல நம்ம முத்திரை இருக்கா? முத்திரை இல்லாத அளவு செல்லாது. இது நம்ம சட்டம்.”

நடுவர் மறுக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அதைத் தராசில் வைத்தார்கள், நானூற்றுப் பன்னிரண்டு கிராம் இருந்தது. ‘சரியானது’ என்று முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டும் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் உலகக் கூடைப்பந்து விதிகள் அந்த அலுவலகத்தில் செல்லுபடியாயின. இயக்குநர் அந்த முத்திரையைத் தடவிப் பார்த்தார். மை காயாமல் விரலில் ஒட்டியது.

மறுநாள் மாலை நாலு மணி. பின்பக்க மைதானத்தில் ஒரு பக்கம் நிராகரிக்கப்பட்ட தராசுகள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன. மறுபக்கம் பார்வையாளர்கள். முத்திரைக்கு வந்த கடைக்காரர்களும் தராசைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். தட்டச்சர் அம்மா மேசைக் கடிகாரமும் கைமணியுமாகப் புள்ளி எழுத அமர்ந்தார்.

ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடம் இயக்குநர் பந்தோடு பாய்ந்தார். எதிரே கல்லண்ணன் இடம் பிடித்து நின்றிருந்தார். பின்னால் ஓர் அடி நகர்ந்தார். இயக்குநர் நெஞ்சோடு நெஞ்சு வந்து மோதினார். இருபது ஆண்டுகளாகக் கல் சுமந்த நெஞ்சு அது. இயக்குநர் உட்கார்ந்த நிலையில் திரும்பி வந்தார்.

நடுவர் விசில் ஊதினார். “மோதினவர் மேல தப்பு. பந்து கீழ்மாடிக்கு.”

“அவன் நகர்ந்தான்யா!”

“நகரலாம் சார். பக்கம் இருபத்தேழு. முத்திரை இருக்கு.”

அதற்குப் பிறகு விசில் சத்தம் ஓயவில்லை. இயக்குநர் நாலு அடி வைத்தபோது விசில். ஆறு அடி வைத்தபோது நீண்ட விசில். ஒரு முறை பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தின் நடுவிலிருந்து கூடை வரைக்கும் நடந்தே போனார். நடுவர் மூச்சு வாங்க நின்று ஊதினார். பின்னாலேயே ஓடிவந்த உதவி இயக்குநர், “பிரமாதம் சார், யாராலயும் தடுக்க முடியல!” என்றார். கடைக்காரர்கள் கைதட்டிக்கொண்டே கண்ணீர் விட்டுச் சிரித்தார்கள். அவர்களில் பலருடைய தராசு, அரை கிராம் பிசகியதற்காக அந்தக் குவியலில்தான் கிடந்தது.

இருந்தாலும் மேல்மாடியில் இளம் அதிகாரிகள் மூன்று பேர் உண்மையிலேயே நன்றாக ஆடினார்கள். ஆட்டம் முடியப் பன்னிரண்டு விநாடி இருக்கையில் மேல்மாடி முப்பத்தொன்று, கீழ்மாடி முப்பது. கீழ்மாடி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. அது நேராக வந்து விழுந்தது உதவி இயக்குநரின் கையில். அவர் நின்றது தாங்கள் காக்க வேண்டிய கூடைக்கு நேர் கீழே.

“எனக்கு! எனக்குக் குடு!” என்று இயக்குநர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து கத்தினார்.

கல்லண்ணன் கையை அகல விரித்தபடி எதிரே வந்தார். உதவி இயக்குநருக்குக் கண் இருட்டியது. இயக்குநரின் குரல் வந்த திசை மட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்தத் திசையில் அவர் என்றைக்கும் போல எதையும் பார்க்காமல், முழு பலத்தோடு, தலைக்கு மேலே பந்தை வீசினார். அது கையிலிருந்து வழுக்கிப் பின்னால் பறந்து பின்பலகையில் மோதியது. வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. யோசித்தது. பிறகு உள்ளே இறங்கியது.

மணி அடித்தது.

நடுவர் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டத் தேவையே இல்லை, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவருடைய பென்சில் குறிப்பு இருந்தது. இரண்டு விரலை நீட்டினார். “கீழ்மாடிக்கு ரெண்டு புள்ளி. கேப்டன் கல்லண்ணன் பேர்ல எழுதுங்கம்மா. முப்பத்திரெண்டு, முப்பத்தொண்ணு.”

“நம்ம ஆளு போட்டது அவங்களுக்கு எப்படிய்யா புள்ளி ஆகும்?” இயக்குநர் ஓடிவந்தார்.

“சொந்தக் கூடையில தவறுதலாப் போட்டா, எதிரணிக்கு ரெண்டு புள்ளி சார்.”

“தவறுதலாப் போடலைன்னா?”

நடுவர் பொய் சொல்லத் தெரியாதவர். அதுதான் அவரிடம் உள்ள ஒரே குறை. “வேணும்னே போட்டா... அது விதிமீறல் சார். புள்ளி கிடையாது.”

இயக்குநரின் முகம் மலர்ந்தது. “அப்ப முடிவு சொல்றதுக்கு நீ யாரு? விசாரிக்கணும். கோப்பு போடு.”

அன்று மாலை நடுவர் வீட்டுக்குப் போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

“கேட்டதுக்குப் பதில் சொல்லாம இருந்திருக்கலாம்ல? ‘வேணும்னே போட்டா’ன்னு எடுத்துக் குடுத்தது யாரு? நீங்கதானே?”

“புஸ்தகத்துல இருக்கும்மா.”

“புஸ்தகத்துலதான் இருக்கு. எங்கண்ணன் முதுகு எங்க இருக்கு?” சட்டையை உதறிய உதறலில் பொத்தான் தெறித்தது. “அறுபத்தாறு படி. ஒரு நாளைக்குப் பதினோரு தடவை. போய் அதையும் பென்சில்ல குறிச்சு வைங்க.”

மூன்று நாள் அந்த வீட்டில் தண்ணீர் டம்ளர்கள் மேசையில் சற்று உரக்கவே வைக்கப்பட்டன.

அலுவலகத்தில் உதவி இயக்குநரிடம் விளக்கம் கோரப்பட்டது. உலகில் எந்த ஆட்டக்காரருக்கும் வராத சிக்கல் அவருக்கு வந்தது. முதல் நாள், ‘பந்து தவறுதலாக விழுந்துவிட்டது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

“தவறுதலாவா?” இயக்குநர் எகிறினார். “என் ஆபீஸ்லயா? பத்தொன்பது வருஷம் வெள்ளையா இருக்கிற பதிவேட்டுல உன் பேரை எழுதச் சொல்றியா? அடுத்த வாரம் ரெண்டாவது கேடயம் வருது. தெரியுமா, தெரியாதா?”

இரண்டாம் நாள், ‘வேண்டுமென்றே போட்டேன்’ என்று எழுதினார்.

“ஓகோ! எனக்கு எதிரா வேணும்னே போடுற அளவுக்கு வளர்ந்துட்டியா நீ?”

“ஐயையோ, கனவுல கூட இல்ல சார்!”

“அப்ப தவறுதலா?”

“அதுவும் இல்ல சார்!”

உதவி இயக்குநர் இளைத்துப்போனார். மூன்றாம் நாள் பதிவறைக்கு வந்து, அலமாரிகளுக்கு நடுவில் நின்று, கிட்டத்தட்ட அழுதார். “நீங்கதான் நல்லா எழுதுவீங்க. தவறுதலும் இல்லாம, துரோகமும் இல்லாம ஒண்ணு எழுதிக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பதிவறை எழுத்தர் வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மூடியைக் கழற்றியபோது அவர் முகத்தில், நினைவூட்டல் அனுப்புகிற நாளில் மட்டும் தோன்றும் ஓர் அமைதி இருந்தது. எழுதினார்: ‘மேற்படி பந்து, இயக்குநர் அவர்களின் பொதுவான வழிகாட்டுதலின்படியும் ஒப்புதலின்படியும், வேண்டுமென்றே போடப்பட்டது.’

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். முதுகு நிமிர்ந்தது. “ஆமா. இப்ப ஞாபகம் வருது. அது என் உத்திதான். எதிரியைக் குழப்புறதுக்கு.”

“அற்புதமான உத்தி சார்! நானே குழம்பிட்டேன்,” என்றார் உதவி இயக்குநர்.

ஆட்டம் மேல்மாடிக்கு, முப்பத்தொன்றுக்கு முப்பது. தீர்மானம் எழுதப் பதிவறை எழுத்தர் நோட்டோடு நின்றார்.

“சார், ஒரு சின்ன சந்தேகம். வேணும்னேங்கிறது இந்தப் பந்துக்கு மட்டுமா, இல்ல பொதுவாவா? பந்துக்கு மட்டும்னு எழுதினா, மத்ததெல்லாம் தவறுதலா நடக்குதோன்னு தலைமையகம் நினைச்சுடக் கூடாது பாருங்க.”

“நல்லா யோசிக்கிறய்யா நீ! பொதுவாவே போடு. இங்க எதுவும் தவறுதலா நடக்கிறதில்ல. மறதி, கவனக்குறைவு எதுவும் கிடையாது. நடக்கிறது எல்லாம் எனக்குத் தெரிஞ்சு, வேணும்னேதான் நடக்குது. தெளிவா எழுது.”

தெளிவாகவே எழுதினார். இயக்குநர் கையொப்பமிட்டார். முத்திரையும் குத்தினார்.

“கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டணும்,” என்றார் இயக்குநர். “எல்லாரும் நின்னு படிக்கிற இடமாப் பாரு.”

“ஆபீஸ்ல ஆளுங்க சும்மா நிக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான் சார். லிஃப்ட் வாசல்.”

“அங்கயே மாட்டு.”

‘அதிகாரிகளுக்கு மட்டும்’ என்ற பலகைக்கு நேர் கீழே அது ஏறியது. ஆணி அடிக்க உயரம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தவர் கல்லண்ணன்.

“மாப்ள,” என்றார் அவர், சட்டத்தைத் தூக்கிப் பிடித்தபடி. “தோத்ததும் நான், சட்டம் புடிக்கிறதும் நானா? நல்லா இருக்கு உங்க நியாயம்.”

“நேராப் புடிங்க மச்சான். அப்புறம் அடுத்த வாரம், கேடயம் தர்ற அன்னைக்கு, காலையில பத்தரைக்கு எத்தனாவது தடவை கல் ஏத்துவீங்க?”

“நாலாவது. ஏன்?”

“சும்மாதான். நேரம் தவறாம ஏத்துங்க.”

பிழையின்மைக் கேடயத்தை வழங்கத் தலைமையகத்திலிருந்து மேலதிகாரி அம்மையார் வந்தார். காலை பத்தரைக்கு இயக்குநரும் உதவி இயக்குநரும் இருபுறமும் நடக்க, லிஃப்ட் வாசலில் வந்து நின்றார்கள். பதிவறை எழுத்தர் கேடயத்தைப் பட்டுத்துணியில் ஏந்திப் பின்னால் நின்றார். லிஃப்ட் மேலே இருந்தது. இறங்கி வரச் சற்று நேரம் பிடித்தது.

பக்கத்துப் படிக்கட்டை நோக்கிக் கல்லண்ணன் வந்தார். தோளில் இருபது கிலோ. கழுத்து நரம்பு கயிறு போல நின்றது.

“என்னங்க இது?” மேலதிகாரி திடுக்கிட்டார். “லிஃப்ட் இருக்கும்போது இவ்வளவு பெரிய கல்லைத் தோள்ல தூக்கிட்டுப் படியில ஏறுறீங்க? உங்களுக்குச் சொல்ல மறந்துட்டாங்களா? யாரோ தவறுதலா...”

“மேடம், அது வந்து,” என்று இயக்குநர் வாயைத் திறந்தார். வந்து என்னவென்று தவறுதல் என்ற சொல் இல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது.

கல்லண்ணன் கல்லை இறக்கவில்லை. முகவாயால் சுவரைக் காட்டினார்.

“மறதியும் இல்ல, தவறுதலும் இல்லீங்கம்மா. இங்க எல்லாம் வேணும்னேதான் நடக்குது. சார் கையெழுத்தே போட்டிருக்காரு, படிச்சுப் பாருங்க.”

மேலதிகாரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். கையொப்பம் வெகு தெளிவாக இருந்தது.